அரைகுறையின் மறுபக்கம்

நான் வேண்டுமென்றே தோற்பவள். எங்கள் கூட்டத்தில் இது யாருக்கும் தெரியாது. சொன்னால் ஸ்வோன்கோ நம்பவும் மாட்டான். "மாட்டு டாக்டருக்கு மாட்டுக் காதுதானே இருக்கும்!" என்று மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் கூட்டம் என்றால், சாக்ரெபில் பழைய இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியங்களின் கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஹ்ரேலிச் சந்தையில் தரையில் விரித்த கம்பளிகள் மேல் குவிந்து கிடக்கும் தட்டுகளைக் கிளறுவோம். கை கறுத்து, முழங்கால் வலித்து, மதியம் ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடுவோம். ஒயினில் சோடா ஊற்றி ஆளுக்கு ஒரு கோப்பை. ஒவ்வொருவராகத் தன் தட்டைப் பெயர் தெரியாமல் மறைத்துச் சுழலவிட, இயற்றியது யார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒருத்தருக்கும் தெரியாத பெயரைக் கொண்டுவந்து எல்லோரையும் திணறடித்தவருக்கு அன்றைக்கு ராஜ மரியாதை. அதிகம் தப்பாகச் சொன்னவருக்குத் தண்டனை. என்ன தண்டனை என்றால், அரைகுறையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பக்கமும் துடைத்து அடுத்த மாதம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அரைகுறை என்பது ஒரு தட்டு. அலுமினியத்தின் மேல் கறுப்பு அரக்குப் பூச்சு; வானொலி நிலையத்திலேயே நேரடியாக வெட்டியது. அதனால் உலகத்தில் அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. நடுவில் ஒட்டிய பெயர்த்தாளில் பென்சிலால் 'வயோலா சொனாட்டா' என்று மட்டும் எழுதியிருக்கும்; வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவும் பியானோவும் பல பகுதியாக வாசிக்கிற இசை. யார் இயற்றியது, யார் வாசித்தது, ஒன்றும் இல்லை. முதல் பக்கம் ஓடும். இரண்டாம் பகுதி, மெதுவான பகுதி, அதன் நடுவில் பக்கம் தீர்ந்துபோய் அறுந்துவிடும். திருப்பிப் போட்டு விளிம்பில் ஊசியை வைத்தால் டக், டக், டக். அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தைத் தொடங்கிய பேராசிரியர் வித்தோமிர் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதிவிட்டார்: 'செத்த பக்கம். ஊசியை வீணாக்காதீர்கள்.' மனிதர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவர் வாக்கு மட்டும் சாகவில்லை. ஆனாலும் புதிதாகத் தோற்கிற ஒவ்வொருவரும், நம்மிடமாவது பாடாதா என்று ஒரு தடவை விளிம்பில் ஊசியை வைத்துப் பார்க்கத்தான் செய்வோம்.

முதல் தடவை நான் நிஜமாகவே தோற்றுத்தான் அதைக் கொண்டுபோனேன். அன்றைக்கு ஒரு கிழட்டு நாயை வைத்தியம் பலிக்காமல் பறிகொடுத்திருந்தேன். மனசு சரியில்லாமல் தட்டைப் போட்டேன். முன்னுரை எதுவும் இல்லாமல், சமையலறைக்குள் நேராக நுழைந்து பேச ஆரம்பிக்கிற ஆள் மாதிரி வயோலா வந்தது. பியானோ குறுக்கே பேசியது, சண்டை போட்டது, பிறகு விட்டுக்கொடுத்தது. மெதுவான பகுதியில் நான் விசும்பி அழுதேன். அழுகை பாதியில் இருக்கும்போது பாட்டு அறுந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அன்றிலிருந்து தோற்க ஆரம்பித்தேன். கேட்டதுமே பச்சைக் குழந்தைக்கும் தெரியும் ஜெர்மன்காரன் என்று, நான் "ரஷ்யாக்காரனா?" என்பேன். அறையே சிரிக்கும். ஸ்வோன்கோ அரைகுறையைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்து என் மடியில் வைப்பான். என் உச்சி குளிர்ந்துபோகும்.

இந்த ஸ்வோன்கோ பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். காது மட்டும் கத்தி. ரொம்ப நாள் முன்பே அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அரைகுறையை எழுதுனவன் வியன்னால படிச்ச ஆம்பளை. இவ்வளவு துணிச்சலா பியானோவை அடிக்கிறது வேற யாருக்கும் வராது. இல்லேன்னு நிரூபிங்க, இந்த மீசையை எடுத்துடறேன்."

"எடுத்தா அடியில மூஞ்சி இருக்குமா வாத்தியாரே?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு அது தெரியப்போறதே இல்ல, மாட்டு டாக்டரே."

மீசை இருக்கட்டும். எனக்கு அந்தப் பேர் வேண்டும். இப்படி ஒன்றை எழுதிவிட்டு ஒரு ஆள் எப்படிக் காணாமல் போக முடியும்? ஹ்ரேலிச்சில் நான் கிளறாத குவியல் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். அந்தக் கை எழுதிய வேறொரு சொனாட்டா, ஒரு சின்னப் பாட்டு, எதுவுமே கிடைக்கவில்லை.

போன மார்ச்சிலும் வழக்கம்போல் தோற்று, மாதக் கடைசியில் ஒரு நாள் தட்டையும் அதை ஓட்டுகிற பெட்டியையும் மருத்துவமனைக்கே கொண்டுபோயிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். கதவைப் பூட்டிவிட்டுப் பரிசோதனை மேஜையில் துணி விரித்துத் துடைத்தேன். செத்த பக்கத்தைத் துடைக்கும்போது விளிம்பில் பூச்சு லேசாக எழும்பியிருப்பது விரலில் தட்டியது. நகப்பூச்சு உரிகிற மாதிரி. ஐயோ, போச்சே! இந்த அரக்குத் தட்டுகள் உரிய ஆரம்பித்தால் நிற்காது. இந்தப் பக்கம் உரிந்தால் அந்தப் பக்கம் எத்தனை நாள்?

நாய்களின் காதுக்குள் பார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து விளிம்பைப் பார்த்தேன். கடைசிக் கோடு வளையம் மாதிரி மூடிக்கிடந்தது. ஆரம்பமே இல்லை. ஊசி எங்கே வைத்தாலும் அதே வட்டத்தில்தான் சுற்றும். அதனால்தான் டக், டக். சரி, அப்படியானால் ஆரம்பம் எங்கே? விளக்கை உள்ளே உள்ளே நகர்த்தினேன். நடுவில், பெயர்த்தாளை ஒட்டி, கோடு அகலமாக, வாசல் திறந்து வைத்த மாதிரி விரிந்து கிடந்தது.

செத்த பக்கமாவது மண்ணாங்கட்டியாவது! இந்தப் பக்கத்தை உள்ளிருந்து வெளியே வெட்டியிருக்கிறார்கள்! அந்தக் காலத்து வானொலிக்காரர்கள் நீளமான பாட்டுக்கு அப்படிச் செய்வது உண்டு என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும், படித்திருக்கிறோம், பேசியிருக்கிறோம். ஆனால் கை படித்ததில்லையே! ஊசி என்றால் விளிம்பில் தொடங்கி நடுவுக்குப் போவது. நடுவில் ஊசியை இறக்குகிறவன் காட்டுமிராண்டி. அத்தனை பேரும் அத்தனை ஒழுக்கமானவர்கள். பேராசிரியர் உட்பட. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

கணினியைப் பதிவு செய்ய விட்டேன். உரிகிற தட்டு, இன்னொரு தடவை பாடுமோ பாடாதோ. குதிரைக்குத் தையல் போடுகிற நிதானத்தை வரவழைத்துக்கொண்டேன். நடுவில், பெயர்த்தாள் ஓரத்தில், ஊசியை இறக்கினேன்.

வயோலா பாடியது. எங்கே அறுந்ததோ அங்கேயே, அதே சுரத்திலேயே, ஒன்றுமே நடக்காத மாதிரி தொடர்ந்தது! நான் "அடி என் செல்லமே!" என்று கத்தினேன். கூண்டில் இருந்த டாக்ஸ்ஹண்ட் நாய் குரைத்தது. மெதுவான பகுதி நான் கனவில்கூட நினைக்காத இடத்துக்குப் போய், சண்டை போட்ட இரண்டும் ஒன்றாக மூச்சுவிட்டு முடிந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் பகுதி. அது ஒரு ஆட்டம்! பியானோ துரத்துகிறது, வயோலா பிடிகொடுக்காமல் ஓடுகிறது. நான் மேஜையைச் சுற்றி ஆடினேன். ஐம்பத்தெட்டு வயசில், வெள்ளைக் கோட்டோடு, பூட்டிய கதவுக்குள் ஆடினேன்.

பாட்டு முடிந்தது. ஊசி இன்னும் விளிம்பைத் தொடவில்லை. திடீரென்று ஒரு ஆண் குரல். வானொலி அறிவிப்பாளர்!

"நீங்கள் இதுவரை கேட்டது வயோலாவுக்கும் பியானோவுக்குமான சொனாட்டா. வயோலா வாசித்தவர் லூயோ மாவ்ரோவிச். பியானோ வாசித்தவரும் இதனை இயற்றியவரும்..."

கர்ர்ர். கர்ர்ர். டக், டக், டக்.

நான் மேஜையை ஓங்கிக் குத்தினேன். பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். விளிம்பில் மட்டும் கீறல் மேல் கீறல். வேறெங்கும் இல்லை. யார் கீறியது? நாங்கள்தான். தோற்ற ஒவ்வொருவரும் பாடாதா பாடாதா என்று பக்குவமாக ஊசியை வைத்து வைத்து எடுத்தோமே, அந்த இடம். உலகத்தில் அந்தப் பேர் இருந்த ஒரே இடம் அதுதான். அதைத் தேடித் தேடியே சுரண்டிவிட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேராசிரியரின் கல்லறைக்கே போய்க் கத்தலாம் போலிருந்தது.

அதற்குப் பதில் முதல் பக்கத்தையும் பதிவு செய்து முன்னால் சேர்த்துவிட்டு, ஸ்வோன்கோவைப் போனில் கூப்பிட்டேன்.

"யோவ் வாத்தியாரே, கிளம்பி வா. உடனே."

"வகுப்புல இருக்கேன். பசங்க மலை வரைஞ்சுக்கிட்டிருக்காங்க."

"மலை எங்கயும் ஓடிடாது. அரைகுறை முழுசாப் பாடிடுச்சு!"

அடுத்த நொடி போனை வைத்துவிட்டான். டிராமைப் பிடித்து, கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவைப் போட்டேன். அறுந்த இடம் தாண்டியதும் அவன் கை மீசைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாம் பகுதியில் அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கக்கூட இல்லை.

"எத்தனை வருஷம்டி! என் வீட்டு அலமாரிலயே எத்தனை மாசம் கிடந்திருக்கு இது!"

"அழுதது போதும். கடைசியில பேரைக் கேளு."

அறிவிப்பாளர் பேசினார். கர்ர்ர்.

"இது என்ன?"

"உன் ஊசி. என் ஊசி. நம்ம எல்லாரோட ஊசியும்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "லூயோ மாவ்ரோவிச்னுதானே சொன்னான்? வயோலாக்காரர்? அவர் உயிரோடதான் இருக்காரு! சமோபோர்ல முதியோர் இல்லத்துல. என் அத்தையும் அங்கதான் இருக்கா. சீட்டாட்டத்துல அவளைத் தினம் ஏமாத்துறாராம்!"

"இதை ஏன்யா இத்தனை வருஷமாச் சொல்லல?"

"அவரு வாசிச்சதுன்னு யாருக்குடி தெரியும்?"

டாக்ஸ்ஹண்ட் நாயைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு என் காரில் கிளம்பினோம். ஸ்வோன்கோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "உன் வண்டி ஆட்டுப் பட்டி மாதிரி நாறுது" என்று வழி முழுக்கப் புலம்பினான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த மனிதருக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். ஞாபகம் இருக்க வேண்டும், ஞாபகம் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே வந்தது. அவர் மறந்திருந்தால் அந்தப் பேர் போனது போனதுதான்.

மாவ்ரோவிச் ஜன்னல் ஓரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். எதிரில் கிரெம்ஷ்னிட்டா கேக் பாதி தின்றபடி இருந்தது.

"சீட்டு விவகாரமா?" என்றார் எங்களைப் பார்த்ததும். "அந்தம்மா பொய் சொல்றா. நான் ஏமாத்தல."

"சீட்டு இல்லைங்கய்யா. ஒண்ணு போடறேன், கேளுங்க."

இரண்டு சுரம்தான் போயிருக்கும். கம்பளிக்கு மேல் அவருடைய இடது கை விரல்கள் இறங்கி ஏற ஆரம்பித்தன. கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தினேன்.

"இதை எழுதுனது யாருங்கய்யா?"

"எதுக்கு நிறுத்துன? போடு!" என்று அதட்டினார். "யாரு எழுதுனதா? ரூஷா எழுதுனது. ரூஷா பெலாமரிச். வேற யாருக்கு அந்தத் திமிரு வரும்?"

நான் ஸ்வோன்கோவைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். தாதிப்பெண் ஓடிவந்தாள். ஸ்வோன்கோ மீசையைக் கையால் மூடிக்கொண்டான்.

"வியன்னால படிச்சவங்களாய்யா?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

"வியன்னாவா? டிரெயின் செலவுக்கே காசில்லாத பொண்ணு. எங்கிட்டத் திட்டு வாங்கித்தான் படிச்சா. இல்ல, நான்தான் அவகிட்டத் திட்டு வாங்கினேன்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பானே இந்த ஆள் என்று பார்த்தேன். "எப்படியும் துணிச்சல்னு சொன்னேனே, அது சரிதானே" என்று முணுமுணுத்தான்.

"அவங்க இப்போ..." என்று இழுத்தேன்.

"ரியேகாவுல இருக்கா. நடனப் பள்ளிக்கூடத்துல ஆயுசு பூரா பியானோ வாசிச்சா. புது வருஷத்துக்கு வருஷம் போன் பண்ணித் திட்டுவா." கிழவர் தன் போனை எடுத்து எண்ணை அமுக்கினார். "ரூஷா? நான்தான். இல்ல, சாகல. இதைக் கேளு."

போனை என் பக்கம் நீட்டினார். நான் பதிவை முதலிலிருந்து போட்டேன். ஒரு பக்கம் தீர்ந்தது; மறுபக்கம் தொடங்கியது; மூன்று பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அறிவிப்பாளர் வருவதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டேன். அதைக் கேட்கவைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"மூணாவது பகுதி வேகம் ஜாஸ்தி" என்றது ஒரு கரகரத்த குரல். "கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு லூயோ அவசரப்பட்டான். அது இன்னும் எனக்கு மறக்கல. ஏம்மா, நீ யாரு?"

"நெவென்கா. சாக்ரெப். மிருக டாக்டர். அம்மா, நான்... இது எனக்கு உயிரும்மா. இன்னும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதாம? பியானோ ஸ்டூல் மூடி மூடமாட்டேங்குது. யாரு கேட்டா?" பிறகு, "கடைசியில ஒருத்தன் பேசுவானே. பேரு சொல்றானா?"

நான் ஸ்வோன்கோவைப் பார்த்தேன்.

"ஒலிபரப்புன அன்னிக்கு எங்க தெருவுல கரெண்ட் போயிடுச்சும்மா. ஊர்ல எங்கம்மா மட்டும் கேட்டா. 'உன் பேரைச் சொன்னாங்கடி, முழுப் பேரையும் சொன்னாங்க'ன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. நான் கேட்டதில்ல. அதான் கேட்டேன்."

மறைத்து என்ன பயன்? சொல்லிவிட்டேன். விளிம்பில் ஊசி வைத்ததை, ஆளுக்கு ஆள் வைத்ததை, சுரண்டியதை, எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுதேன். ஸ்வோன்கோ போனைப் பிடுங்கி, "அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க கூடறோம்மா. ரியேகாவுக்கு வந்து நானே கூட்டிட்டுப் போறேன். ஆட்டுப் பட்டி வண்டியில இல்ல, நல்ல வண்டியில!" என்றான்.

அந்த ஞாயிறு ஒருவரும் சந்தையில் நேரம் போக்கவில்லை. ரூஷா பெலாமரிச் வந்தார். குள்ளமான அம்மா, பச்சைத் தொப்பி, கையில் ஒரு துணிப்பை, அதில் ஸ்டூலிலிருந்து எடுத்த தாள்கட்டு. பின்னறையில் நல்ல நாற்காலியில் உட்காரவைத்து ஒயினும் சோடாவும் கொடுத்தோம். "சோடா எதுக்கு?" என்று கேட்டு வெறும் ஒயின் வாங்கிக்கொண்டார். மாவ்ரோவிச்சும் வந்திருந்தார். ஸ்வோன்கோ மீசை இல்லாமல் வந்தான். அடியில் நிஜமாகவே ஒரு மூஞ்சி இருந்தது. கொஞ்சம் பையன் மூஞ்சி.

"பதிவைப் போடவா, தட்டைப் போடவா?" என்று கேட்டேன்.

"தட்டைப் போடு. அது சுத்தறதை நான் பார்க்கணும்."

முதல் பக்கத்தை விளிம்பிலிருந்து போட்டேன். திருப்பினேன். சிவப்புப் பென்சில் எழுத்தைப் பார்த்து அவர், "செத்த பக்கமா? சரிதான்" என்று சிரித்தார். நடுவில் ஊசியை இறக்கினேன். மூன்றாம் பகுதி ஓடும்போது ரூஷாவின் விரல்கள் மேஜையில் அடித்துக்கொண்டே இருந்தன, பஸ்ஸுக்கு ஓடுகிற லூயோவை இழுத்துப் பிடிக்கிற மாதிரி. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். இதை நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்.

"...வயோலா வாசித்தவர் லூயோ மாவ்ரோவிச். பியானோ வாசித்தவரும் இதனை இயற்றியவரும்..."

"ரூஷா பெலாமரிச்!" என்று நாங்கள் அத்தனை பேரும் கத்தினோம்.

கர்ர்ர் என்ற சத்தம் எங்கள் சத்தத்துக்கு அடியில் போய்விட்டது. மதுக்கடைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஊசி வளையத்தில் டக், டக் என்று சுற்றியது.

ரூஷா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"இன்னொரு தடவை" என்றார்.

நான் ஊசியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். விளிம்பில் பூச்சு நன்றாகவே எழும்பிவிட்டது. இன்னொரு தடவை ஊசி போனால் பெயர்ந்துவிடும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவரை ஏறிட்டேன்.

"தட்டு கிடக்கட்டும்மா" என்றார். "நீங்க சொல்லுங்க."

சொன்னோம். அவர் போதும் என்று கை காட்டும் வரை சொன்னோம்.